காய்ச்சலும் சுரமும்

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் அமைந்த ஊர் தாண்டிக்குடி. முருகப் பெருமான் இவ்விடத்தினின்று பழனிக்குத் தாண்டிக் குதித்தார் என்றும், ‘தாண்டிக் குதி’ என்பதே நாளடைவில் ‘தாண்டிக்குடி’ என மருவிற்று என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர். கதை இனியது, ஊர்க் கோயிலின் பெருமைக்கும் பொருந்துவது. ஆயினும் சொல்லாராய்ச்சி செய்வார்க்கு இங்கே ஒரு தடை எழுகின்றது. ‘குடி’ என்பது ஊர்ப்பெயர்களின் இறுதியில் தமிழகமெங்கும் பயின்று வரும் சொல். தூத்துக்குடி, காரைக்குடி, மன்னார்குடி என்னும் பெயர்களிலெல்லாம் குடியிருப்பு என்னும் பொருளில் நிற்கும் அச்சொல், இவ்வொரு பெயரில் மட்டும் ‘குதி’ என்பதன் திரிபாய் நின்றது எனக் கொள்ளுதற்குத் தனிச் சான்று வேண்டும். கதை அச்சான்று ஆகாது. பெயரைக் கேட்ட பின்னரே கதை பிறந்திருத்தலும் கூடும்.

ஊர்மக்கள் இவ்வாறு காரணங் கூறுவதில் குற்றமொன்றுமில்லை. தம் ஊர்ப்பெயர்க்குப் பொருள் காண விழைதல் மக்கட்கு இயல்பு. ஆனால் அதே முறையை ஆராய்ச்சியாளரும் கையாளத் தொடங்கின், ஒலியொப்புமை ஒன்றே சான்றாகி, மொழி வரலாறு கதை வரலாறாக முடியும். இவ்வுண்மையை விளக்குதற்கு ஊர்ப்பெயரினும் ஏற்றது, நாள்தோறும் நம் வாயில் வழங்கும் ஒரு நோய்ப்பெயர். அப்பெயர் ‘காய்ச்சல்’. அதனோடு ஒருபொருட் கிளவியாய் வழங்குவது ‘சுரம்’. இவ்விரு சொற்களின் பொருளும் பிறப்பும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. இருவேறு கொள்கைகள்

‘சுரம்’ என்னும் நோய்ப்பெயர் பற்றி அறிஞரிடையே இரு கொள்கைகள் உள. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) அதனை ‘ஜ்வர’ என்னும் வடசொல்லின் திரிபாகக் காட்டும். இதனை மறுப்போர், சுரம் தூய தமிழ்ச் சொல்லே என்பர். ‘சுர்’ என்பது எரிதற்பொருள் உடைய அடியென்றும், அவ்வடியினின்றே வெம்மை மிக்க பாலைவழியாகிய சுரமும் உடல்வெப்பமாகிய சுரமும் பிறந்தனவென்றும், வடமொழியே இச்சொல்லைத் தமிழினின்று கொண்டதென்றும் அவர் கொள்வர்.

இவையன்றி, வெளிப்படையாகக் கூறப்படாது பலர் உள்ளத்தில் நிலவும் கருத்து ஒன்றும் உண்டு. சுரம் என்பதே நூல்வழக்கு. காய்ச்சல் என்பது பேச்சு வழக்கு. ஆதலின் சுரமே உயர்ந்தது என்பது அது. மருத்துவ நூல்களில் சுரம் என்னும் சொல்லே பெரிதும் ஆளப்படுதல் இவ்வெண்ணத்திற்குக் காரணமாகலாம்.

சுரத்தைத் தமிழாக்க முயல்வோரும், சுரத்தை உயர்வாகக் கருதுவோரும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றனர். இரு சாராருமே ‘காய்ச்சல்’ என்னும் சொல்லை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. கைப்பொருளை எண்ணிப் பாராது பிறர் பொருளுக்கு வழக்காடுதல் போல்வது இது.

சொற்பொருளின் காரணம் எளிதில் விளங்கத் தோன்றாது எனத் தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்துள்ளார். காரணமே இல்லை என்று அவர் கூறினாரல்லர். அது வெளிப்படையாகத் தோன்றாது என்றே கூறினார். ஆகவே தேடும் முறை திட்பமுடையதாதல் வேண்டும். ஒரு சொல்லின் பிறப்பை முடிவு செய்யுமுன் நான்கு வினாக்கட்கு விடை காணல் வேண்டும்: ஒலிமாற்றம் மொழியியல்புக்கு ஏற்றதா? அச்சொல்லுக்கு அம்மொழியிலேயே வினையும் பெயருமாகிய சுற்றம் உண்டா? இனமொழிகள் என்ன கூறுகின்றன? வழக்கின் வரலாறு அதற்கு உடன்படுகின்றதா? இந்நான்கனையும் முதலில் சுரத்திற்கும், பின்னர்க் காய்ச்சலுக்கும் பொருத்திக் காண்போம்.

2. சுரம்

முதலாவது, ஒலி. ‘ஜ்வ’ என்னும் கூட்டெழுத்துத் தமிழில் மொழிமுதல் ஆகாது. வடசொல் தமிழில் வழங்குமிடத்து வடவெழுத்து நீங்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் தொல்காப்பியர் காலத்திலேயே வகுக்கப்பட்ட நெறி. மெய்யோடு வகரம் கூடி மொழிமுதலில் நிற்கும் வடசொற்கள் தமிழில் வருங்கால், அவ்வகரம் கரைந்து உகரமாகவோ ஒகரமாகவோ நிற்றலைப் பல சொற்களிற் காணலாம். ‘ஸ்வர’ என்பது இசைத்துறையில் சுரம் ஆயிற்று. ‘த்வரித’ என்பது துரிதம் ஆயிற்று. ‘த்வனி’ என்பது தொனி ஆயிற்று. இவ்வரிசையில் ‘ஜ்வர’ என்பது சுரம் ஆதல் முற்றும் இயல்பே.

இங்கே ஒன்று கருதத்தக்கது. இசையில் ஏழு சுரம் என்கிறோம். நோயிலும் சுரம் என்கிறோம். பாலைவழியையும் சுரம் என்கிறோம். எழுத்தளவில் மூன்றும் ஒன்றே. இசைச் சுரமும் எரிதற்பொருளினின்று பிறந்தது என்று ஒருவரும் கூறுவதில்லை. ஆகவே வடிவம் ஒத்திருத்தல் பிறப்பும் ஒன்றென்பதற்குச் சான்றன்று என்பதை எதிர்க்கொள்கையினரும் உடன்பட்டவராவர். ஒலி ஒன்றைக் கொண்டு மட்டும் நோய்ச்சுரம் வடசொல் என்றோ தமிழ்ச்சொல் என்றோ முடிவு செய்தல் இயலாது. அடுத்த வினாவிற்குச் செல்வோம்.

இரண்டாவது, சுற்றம். தமிழில் ‘சுரத்தல்’ என்னும் வினை உண்டு. அதன் பொருள் ஊறுதல். நீர் சுரக்கும், பால் சுரக்கும், சுரப்பு, சுரப்பி என்பன அதனடியாகப் பிறந்த பெயர்கள். வெம்மைக்கும் வறட்சிக்கும் நேர்மாறான பொருளுடையது அவ்வினை. எரிதற்பொருளில் ‘சுரத்தல்’ என்றொரு வினை வழக்கில் இல்லை. உடம்பு சுடுகிறது என்கிறோம், காய்கிறது என்கிறோம், கொதிக்கிறது என்கிறோம். நோயுற்றான் ஒருவனது ‘உடம்பு சுரக்கிறது’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘சுர்ரென்று சுட்டது’, ‘சுரீரென்றது’ என்பவற்றைச் சான்றாகக் காட்டுவாருமுளர். அவை ஒலிக்குறிப்புகள். திடீரெனத் தாக்கும் சூட்டையும் குத்தலையும் அவை உணர்த்துமேயன்றி, நாட்கணக்கில் நின்று வருத்தும் உடல்வெப்பத்தை உணர்த்துவதில்லை. வினையின்றிப் பெயர் மட்டும் தனித்து நிற்பின், அப்பெயர் வேற்றிடத்தினின்று வந்திருத்தல் கூடுமென ஐயுறுதல் முறை.

வடமொழியிலோ, ‘ஜ்வர்’ என்னும் வினையடி நோய்வெப்பம் உறுதலையும், அதனோடு நெருங்கிய ‘ஜ்வல்’ என்பது ஒளிவிட்டு எரிதலையும் குறிக்கும். ‘ஜ்வலன’, ‘ஜ்வாலா’ முதலியன அச்சுற்றத்தைச் சேர்ந்தவை. இச்சுற்றத்தின் ஓர் உறுப்பாகிய ‘ஜ்வாலா’ தமிழில் சுவாலை ஆயிற்று. அதனை வடசொல் என ஒப்புக்கொண்டு, உடன்பிறப்பாகிய ‘ஜ்வர’ என்பதனை மட்டும் தமிழ் என்றல் பொருந்துமாறில்லை.

மூன்றாவது, இனமொழிகள். பாலைவழியையும் மலைவழியையும் குறிக்கும் ‘சுரம்’ மலையாளத்திலும் உண்டு. கோழிக்கோட்டினின்று வயநாட்டுக்கு ஏறும் மலைவழியைத் தாமரசேரிச் சுரம் என இன்றும் வழங்குவர். அங்கே அச்சொல்லின் முதலெழுத்துச் சகரமே. நோய்ச்சுரமோ மலையாளத்தில் ‘ஜ்வரம்’ என்றே எழுதப்படும். கன்னடமும் தெலுங்கும் நோய்ப்பெயரில் அந்த ஜகர வகரங்களைக் காத்து நிற்கின்றன. ஆகவே இவ்விரு சொற்களும் மலையாளத்தில் இரண்டாகவே உள்ளன. தமிழ் நெடுங்கணக்கில் ஜகரத்திற்கும் சகரத்திற்கும் தனித்தனி எழுத்து இன்மையாலேயே தமிழில் ஒன்றாய்த் தோன்றுகின்றன. எழுத்தால் நேர்ந்த ஒற்றுமையை வேரால் நேர்ந்த ஒற்றுமை எனக் கொள்வது தகாது.

மேலும், சுரம் என்னும் வழிப்பெயர்க்கு வெம்மை இன்றியமையாத பொருளும் அன்று. வயநாட்டுச் சுரம் மழையும் மூடுபனியும் மிக்க இடம். பட்டிவீரன்பட்டியினின்று தாண்டிக்குடிக்கு ஏறும் வழியும் மலையாள வழக்கின்படி ஒரு சுரமே. அங்கும் நிழலும் குளிர்ச்சியும் உள்ளனவேயன்றிப் பாலையின் வெம்மை இல்லை. கடத்தற்கரிய வழி என்பதே இவ்விடங்களில் அச்சொல்லின் பொருளாய் நிற்கின்றது. எனவே, ‘வெம்மையான நிலம், வெம்மையான உடல்’ என்று இரண்டையும் பிணைக்கும் பாலமும் வலியிழந்து போகின்றது.

நான்காவது, வரலாறு. சங்கச் செய்யுட்களில் சுரம் எனப் பயின்று வருவது தலைவன் செல்லும் அரிய வழியே. மறுபுறம், வடமொழியில் அதர்வ வேதம் காய்ச்சலை ‘தக்மன்’ என்னும் வேறொரு பெயரால் வழங்குகிறது. பின்னெழுந்த சரகர் முதலியோரின் மருத்துவ நூல்களிலோ ‘ஜ்வர’ என்பதே தலைமையான நோய்ப்பெயர். சரக சங்கிதையின் நிதானப் பகுதி ஜ்வரத்தை முன்வைத்தே தொடங்குகின்றது. தமிழ் மருத்துவ நூல்களிலும் சுரம் பெருவழக்காய் இருத்தலை இதனோடு வைத்து நோக்கின், அது மருத்துவக் கல்வியின் வழியே பரவிய கலைச்சொல் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

நான்கு வினாக்களுள் முதலாவது இரு கொள்கைக்கும் இடந்தந்தது. ஏனைய மூன்றும் ஒருமுகமாகப் பேரகராதியின் முடிபையே வலியுறுத்துகின்றன.

3. மலையும் மலேரியாவும்

‘ஒலியும் ஒத்திருக்கின்றது; பொருளும் ஒத்திருக்கின்றது; இரண்டும் தற்செயலாய் ஒத்தல் கூடுமோ?’ என்று வினவுவார்க்குப் பழனி மலையே விடை தருகின்றது.

அம்மலையின் வரலாற்றில் காய்ச்சலுக்குத் தனியிடம் உண்டு. 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேய அலுவலர் அம்மலையை அளந்தார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் கொடைக்கானலில் முதன்முதலாக வீடுகள் கட்டினர். அதற்கு முன் அவர்கள் நாடிய இடம் சிறுமலை; அங்கே காய்ச்சல் மிக்கிருந்தமையின் அதனை விடுத்து, ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலை நாடினர். உயர்ந்த மேல்மலை நோயற்றது, தாழ்ந்த சரிவுகள் நோய்க்கு இடமானவை என்பது அக்காலத்தார் பட்டறிவு. அதன் காரணம் பின்னரே விளங்கிற்று. 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டார். தென்னிந்திய மலைச்சரிவுகளில் மெல்ல ஓடும் ஓடைகளில் பெருகும் ஒருவகை அனாபிலிஸ் கொசு அந்நோயைப் பரப்புவது. மலையுச்சியின் குளிரில் அந்நோய்க்கிருமி கொசுவின் உடலில் முதிர்தல் அரிது. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பின்னர் நாடெங்கும் அந்நோய் பெரிதும் குறைந்தது.

இத்தகைய நோயை ‘மலைக்காய்ச்சல்’ என்று மக்கள் வழங்கினர். அதே நோய்க்கு ‘மலேரியா’ என்பது பிறநாட்டுப் பெயர். இனி ஒருவர், ‘மலேரியாவில் உள்ளது மலை என்னும் தமிழ்ச்சொல்லே, இது மலையில் வரும் நோய், ஒலியும் பொருளும் இடமும் ஒத்துள்ளன, ஆகவே மலேரியா தமிழ்’ என்று நிறுவப் புகுந்தால் எவ்வாறு மறுப்போம்? சுரத்திற்குக் காட்டப்பெறும் ஒப்புமையினும் இவ்வொப்புமை வலியது. ஆயினும் அது முற்றும் தவறு. இத்தாலிய மொழியில் ‘மாலா’ என்பது தீய என்றும், ‘ஆரியா’ என்பது காற்று என்றும் பொருள்படும். சதுப்பு நிலத்தினின்று எழும் தீய காற்றால் அந்நோய் வருகின்றது என்று பழைய காலத்தில் நம்பினர். அந்நம்பிக்கையின் சுவடே அப்பெயர். நமக்கு இத்தாலியப் பெயரின் வரலாறு தெரிந்திருத்தலால் தவறினின்று தப்பினோம். வரலாறு மறைந்துபோன சொற்களில் இத்தகைய தவறு நேராதிருத்தற்கு மேற்கூறிய நான்கு வினாக்களையன்றி வேறு காவல் இல்லை.

4. காய்ச்சல்

இனி, ஆராயப்படாது கிடந்த சொல்லை ஆராய்வோம். ‘காய்’ என்னும் வினையடி தமிழில் மிகப் பழமையானது, பொருட்பரப்பும் உடையது. வெயில் காயும்; நிலவும் காயும்; நெல் காயும்; சினந்தோன் காய்வான். திருக்குறளில் ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ என்னும் 70-ஆம் அதிகாரத்தில் தீக்காய்வார் உவமையாக வருகின்றனர். வெம்மை, அவ்வெம்மையால் வரும் உலர்வு, உள்ளத்து வெம்மையாகிய சினம் என்னும் மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்திருத்தல் தெளிவு.

இவ்வினையினின்று ‘காய்ச்சல்’ பிறந்த முறை யாது? காய்ச்சு என்னும் பிறவினையோடு அல் விகுதி சேர்ந்து காய்ச்சல் ஆயிற்று எனல் ஒன்று. காய் என்னும் தன்வினையோடு சல் விகுதி சேர்ந்தது எனல் மற்றொன்று. பாகு காய்ச்சல், பால் காய்ச்சல் என்னுமிடங்களில் முன்னையதே பொருந்தும். அங்கே காய்ச்சுவோன் ஒருவன் உளன். நோய்ப்பெயரில் அவ்வாறு ஒருவன் இல்லை. உடம்பு தானே காய்கின்றது. மேய்ச்சல், விளைச்சல், அலைச்சல், புகைச்சல் என்னும் சொற்களை நோக்குக. இவற்றிற்கு மேய்ச்சு, விளைச்சு என்னும் பிறவினைகள் இல்லை. மேய், விளை என்னும் அடிகளோடு சல் விகுதி நேரே சேர்ந்து, இடையில் ஒற்று மிக்கது. காய்ச்சலும் இவ்வாறே ஆயது எனக் கொள்க.

இவ்விகுதி பெற்ற சொற்களுள் உடல் வருத்தத்தைக் குறிப்பன பல உள்ளமை கருதத்தக்கது. எரிச்சல், குடைச்சல், உளைச்சல் என்பனவும் இவ்வினத்தன. வினை ஓயாது நிகழ்தலையும் அதனால் உற்றார் வருந்துதலையும் இவ்விகுதி உணர்த்தி நிற்கின்றது. எரி என்பது தீ. எரிச்சல் என்பது உற்றவன் உணர்வது. காய்தல் என்பது நிகழ்ச்சி. காய்ச்சல் என்பது உற்றவன் பட்டது.

சுற்றம் இத்துடன் முடியவில்லை. உழவர் பயிருக்குக் ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நீர் விடுதல் வேண்டும் என்பர். சில நாள் வயலைக் காயவிட்டுப் பின்னர் நீர் பாய்ச்சுதல் என்பது அதன் கருத்து. ஒருவன் மற்றொருவன்மேல் கொண்ட பொறாமையும் சினமும் ‘காய்ச்சல்’ எனப்படுதலும் உலகவழக்கே. நிலத்தின் உலர்வு, உள்ளத்தின் எரிவு, உடம்பின் வெப்பம் மூன்றும் ஒரே பெயர் பெற்றன. வினையும் பெயரும் பல துறைகளில் உயிரோடு வழங்கும் இந்நிலையே ஒரு சொல் அம்மொழிக்கு உரியது என்பதற்குச் சிறந்த சான்று. இத்தகைய சுற்றம் நோய்ச்சுரத்திற்குத் தமிழில் இல்லாமை முன்னரே காட்டப்பெற்றது.

5. குளிர்காய்ச்சல்

காய்ச்சல் வெப்பத்தைக் குறிப்பின், ‘குளிர்காய்ச்சல்’ என்னும் தொடர் முரணன்றோ என்று வினவலாம். ‘குளிர் காய்தல்’ என்பதொரு தொடரும் உண்டு. நெருப்பின் அருகிலிருந்து குளிரைப் போக்கிக்கொள்ளுதல் அதன் பொருள். அதன் தொழிற்பெயரே குளிர்காய்ச்சல் எனின் பொருந்தாது. நெருப்பருகில் இருப்பவன் இன்பமே உறுகின்றான். குளிரும் காய்ச்சலும் என விரித்து உம்மைத்தொகையாகக் கொள்ளலாமெனின், ஏனைய தொடர்கள் அதற்குத் துணை நில்லா. முறைக்காய்ச்சல், நச்சுக்காய்ச்சல், மலைக்காய்ச்சல் என்பவற்றிலெல்லாம் முன்மொழி வகையைக் காட்ட, காய்ச்சல் என்பதே தலைமைப் பொருளாய் நிற்கின்றது. ஆகவே, ‘குளிரொடு கூடிய காய்ச்சல்’ என மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்வதே நேரிது. மலேரியாவில் முதலில் நடுக்கும் குளிரும், பின்னர் உடல்வெப்பமும், இறுதியில் வியர்வையும் தோன்றுதலை அறிந்தோர்க்கு இத்தொடரின் செம்மை விளங்கும்.

இத்தொடரால் பெறப்படுவது மற்றொன்றும் உண்டு. குளிர் என்னும் சொல்லோடு முரணின்றிக் கூடும் அளவிற்குக் காய்ச்சல் என்பது வெறும் வெப்பம் என்னும் நிலையினின்று பெயர்ந்து, நோயின் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. கன்னடத்தில் இம்மாற்றம் இன்னும் ஒருபடி மேற்சென்றுள்ளது. அங்கும் காய் என்னும் வினை வெப்பமுறுதலைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த ‘காயிலெ’ என்பது இன்று எந்த நோய்க்கும் பொதுப்பெயர். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றைக் காய் என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கும். வெப்பம், வெப்பநோய், நோய் என்னும் மூன்று படிகளுள் தமிழ் இரண்டாவதிலும் கன்னடம் மூன்றாவதிலும் நிற்கின்றன எனலாம்.

மலையாளமோ வேறு வழியிற் சென்றது. அங்கே காய்ச்சலின் பெயர் ‘பனி’. தமிழில் பனித்தல் என்பது நடுங்குதல். கடுங்குளிரால் உடல் நடுங்குதலும் அச்சத்தால் நடுங்குதலும் பனித்தலே. மலையாளத்தார் நோயின் நடுக்கத்தை நோக்கிப் பெயரிட்டனர். தமிழரும் கன்னடரும் வெப்பத்தை நோக்கிப் பெயரிட்டனர். நோய் ஒன்று, உணர்ச்சி இரண்டு, பெயரும் இரண்டாயின.

இவ்விரு நோக்கும் தமிழ் இலக்கியத்துள்ளும் ஒருங்கே காணப்படுகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துள் திருஞானசம்பந்தர் வரலாற்றில் இரண்டு நோய்கள் கூறப்படுகின்றன. மதுரையிற் பாண்டியனைப் பற்றியது வெப்பு. கொங்குநாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைப் பற்றியது பனிக்காலத்துக் குளிரோடு வந்த நோய். அதனை நீக்கப் பாடியது திருநீலகண்டப் பதிகம் என்பர். பழனி மலைக்குத் தெற்கே பாண்டிநாடும் வடக்கே கொங்குநாடும் உள்ளன. தெற்கே நிகழ்ந்தது வெம்மையாலும் வடக்கே நிகழ்ந்தது குளிராலும் அடையாளங் காட்டப்பெற்றுள்ளன. இவற்றால், உடல்வெப்பநோயைப் பற்றிய பெயரும் அறிவும் தமிழர்க்குச் சுரம் என்னும் சொல்லோடுதான் வந்தன என்னும் எண்ணம் அடிப்படையற்றதாதல் காண்க.

6. இக்கால வழக்கு

காய்ச்சல் கொச்சைச் சொல் என்பார்க்கு இக்கால வழக்கே மறுமொழி. அண்மைக் காலத்தில் புதியனவாய் அறியப்பட்ட நோய்கள் பலவற்றிற்குத் தமிழில் பெயரிட வேண்டிய நிலை ஏற்பட்டது. டெங்குக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், பறவைக் காய்ச்சல் என்றும், 2009-இல் உலகெங்கும் பரவியதனைப் பன்றிக்காய்ச்சல் என்றும் வழங்கினோம். இப்பெயர்களில் சுரம் இடம்பெறவில்லை. மருத்துவத்துறை அறிக்கையும் நாளிதழும் ஊர்மக்களும் ஒன்றுபோலக் காய்ச்சல் என்றே கூறினர். பறவைக் காய்ச்சலில் உடல்வெப்பம் என்னும் பொருள் பின்னடைந்து, தொற்றுநோய் என்னும் பொருள் முன்னிற்றலை நோக்கின், கன்னடக் காயிலெ சென்ற வழியிலேயே தமிழ்க் காய்ச்சலும் செல்லத் தொடங்கியுள்ளது எனத் தோன்றுகின்றது. புதுச்சொல் ஆக்கும் ஆற்றலும் பொருள் விரியும் ஆற்றலும் உடைய சொல்லே உயிருள்ள சொல்.

அதனாற் சுரத்தை விலக்குதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பல நூற்றாண்டுகளாகத் தமிழ் மருத்துவர் ஆண்டு வந்த கலைச்சொல் அது. அதனை வைத்துப் பல நூல்கள் எழுந்துள்ளன. நிலவேம்புக் குடிநீர் தருவோர் அதனைச் சுரத்திற்கு மருந்து என்பதில் இழுக்கொன்றுமில்லை. வந்த சொல்லை வந்தது எனக் கூறுதலால் தமிழுக்குக் குறை நேராது. வந்ததனைப் பிறந்தது எனக் கூறி, அதனை நிலைநாட்டுதற்காக இல்லாத வேர்களையும் இல்லாத வினைகளையும் படைப்பதனாலேயே குறை நேரும். அவ்வாறு படைக்கப்பட்ட வேர் ஒன்று பொய்யென வெளிப்படின், மெய்யான வேர்களும் ஐயுறப்படும்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் இவை: நோய்ப்பொருளில் வழங்கும் சுரம், ‘ஜ்வர’ என்பதன் தமிழ் வடிவம். பாலைவழியைக் குறிக்கும் சுரம் அதனின் வேறாகிய பழந்தமிழ்ச் சொல். காய்ச்சல், காய் என்னும் தன்வினையடியாகச் சல் விகுதி பெற்றுப் பிறந்தது. உடம்பு தானே காய்தலை உணர்த்தி, பின்னர் நோயின் பெயராய் விரிந்தது.

இவற்றினும் பெரிதாகிய உண்மை ஒன்றும் இவற்றோடு தொடர்ந்து வருகின்றது. நோவச் செய்வது நோய், பிணிப்பது பிணி, காய்வது காய்ச்சல். தொல்காப்பியர் நோய்ப்பொருளன என உரியியலில் கூறும் பையுள், சிறுமை என்பனவும் உற்றார் படும் நிலையையே சுட்டுவன. மலேரியா என்னும் பெயர் நோயின் காரணத்தைக் கூற முற்பட்டது, அக்காரணம் தவறாயிற்று, பெயர் மட்டும் நின்றது. காரணத்தைப் பற்றிய கொள்கை காலந்தோறும் மாறும். உற்றவன் உடம்பு உணர்வது மாறுவதில்லை. நோய், பிணி, காய்ச்சல் என்னும் பழம்பெயர்கள் பெரும்பாலும் இரண்டாவதனையே பற்றி நின்றமையின், அறிவியல் எவ்வளவு மாறியும் அவை பொய்யாகவில்லை.

இத்துறையில் செய்ய வேண்டியன இன்னும் பல. கொடைக்கானல் வட்டத்தின் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலும், குன்னுவர், பளியர் முதலியோர் வழக்கிலும் நோய்ப்பெயர்களும் அவற்றோடு வரும் வினைகளும் முறையாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். பெயரை மட்டும் கேட்டு வருதல் போதாது. உடம்பு என்ன செய்கின்றது என்று அவர்கள் கூறும் வினைச்சொல்லையும் கேட்டு எழுதுதல் வேண்டும். ஒரு நோய்ப்பெயரின் வேர் பெரும்பாலும் அவ்வினையிலேயே கிடைக்கும். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின், ஒலியொப்புமையைக் கொண்டு வேர் படைக்கும் வழக்கம் தானே மறையும்.